பேசிக்கொண்டே இருக்க வேண்டியவன்

சோலைமலையின் கடை சின்னாளப்பட்டி பிரிவில் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மோட்டார் எரிந்துபோனால் அவனிடம்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். கருகிய கம்பியை வெட்டி உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுருளாக, அதாவது காயிலாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கண்ணும் விரலும் இருந்தால் போதும். வாய்க்கு அதில் வேலையே கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எத்தனையோ தொழிலுக்குப் போயிருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

அவனுக்குத் திக்குவாய். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான். எந்த எழுத்தும் இடறும்; ப, த, க மூன்றும் தொண்டைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். முகம் கோணும், கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் நிற்பவர் பொறுக்கமாட்டாமல் அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிடுவார். பாதி நேரம் அது தப்பான சொல்லாக இருக்கும். பணியாரம் கேட்கப் போனவனுக்குப் பரோட்டா வந்து சேரும். அதையும் தின்று கை கழுவிவிட்டு வருவானே தவிர, "நான் கேட்டது இது இல்லை" என்று சொல்ல மாட்டான். சொல்வதற்கு அதைவிட நீளமாகப் பேச வேண்டியிருக்கும்.

அதனால் தன் பிழைப்பைப் பேச்சில்லாமல் நடக்கும்படி ஒதுக்கி வைத்துக்கொண்டான். டீக்கடையில் விரலைத் தூக்கினால் டீ வரும். போன் அடித்தால் எடுக்க மாட்டான். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். இவன் தலையை ஆட்டுவான். நல்ல பையன், அமைதியானவன் என்று பெயர். அந்த அமைதிக்குப் பின்னால் எத்தனை சொற்கள் நெரிந்து கிடந்தன என்று யாரும் யோசித்ததில்லை.

கௌசல்யாவை அவன் கட்டியது அவனுக்கே ஆச்சரியம். அவள் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நன்றாகப் பேசுவாள், சிரிப்பாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் ஏதோ சொல்ல வந்து திணறியபோது, "விடுங்க, நீங்க கேளுங்க, நான் பேசுறேன். ரெண்டு பேரும் பேசுனா வீடு தாங்காது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவனுக்கு மூச்சு வந்தது போல இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் பவித்ரா. பெயரை வைத்தது கௌசல்யாவின் வீட்டார். முதல் எழுத்தே 'ப'. குழந்தையை அவன் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோளைத் தொடுவான், இல்லாவிட்டால் தரையில் காலைத் தட்டுவான். தரையின் அதிர்வு அவள் காலுக்குப் போய்ச் சேரும். டக்கென்று திரும்பிச் சிரிப்பாள். "அம்மா தொண்டை கிழியக் கத்துனாலும் திரும்ப மாட்டா, அப்பா தட்டுனாத்தான் திரும்புவா" என்று கௌசல்யா பெருமையும் பொறாமையுமாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு இரண்டு வயது ஆகப்போகிற சமயம். கௌசல்யா சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டாள். விளையாட வந்திருந்த பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து அலறியது. மிக்ஸிக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பவித்ரா, உரித்த வெங்காயத் தோலைத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கௌசல்யா மிக்ஸியை நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். அப்புறம் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் குழந்தைக்குப் பின்னால் போட்டாள். தட்டு சுழன்று சுழன்று அடங்கியது. நர்ஸ் அல்லவா, அந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

மதுரையில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். இரண்டு காதும் அறவே கேட்கவில்லை. அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேசன் செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். காயம் ஆறியபின் வெளிக்கருவியை மாட்டினார்கள். காதுக்குப் பின்னால் ஒன்று தொங்கும். அதிலிருந்து ஒரு கம்பி போய், காசு அளவில் ஒரு வட்டம் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் காயில் என்றுதான் பெயர். தோலுக்கு இந்தப் பக்கம் ஒரு காயில், அந்தப் பக்கம் ஒரு காயில் என்று டெக்னீசியன் விளக்கியபோது சோலைமலைக்கு எல்லாம் புரிந்தது. கருவியைப் பற்றி அவனுக்குப் பயமில்லாமல் போனது அப்போதுதான். அடுத்து வந்ததுதான் அவனைப் பிடித்துக்கொண்டது.

"ஆபரேசன் பாதி வேலைதான்" என்றார் டாக்டர். "மெஷின் சத்தத்தை உள்ளே அனுப்பும். அந்தச் சத்தம் பேச்சா மாறணும்னா வீட்டுல ஒருத்தர் அவகூடவே இருந்து நாள் முழுக்கப் பேசணும். எப்படிப் பேசணும்னு கத்துக்கிட்டுப் பேசணும். திண்டுக்கல்லிலேயே பயிற்சி மையம் இருக்கு. அம்மா வந்துருவீங்கல்ல?"

கௌசல்யா சோலைமலையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

கௌசல்யா வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் வேலையை விட்டா வீடு நிக்காது. மோட்டார் எரிஞ்சாத்தான் உங்களுக்கு வேலை, மழை பெஞ்சா அதுவும் இல்ல. நீங்கதான் போகணும்."

"நா... நானா?"

"வேற யாரு இருக்கா?"

"எ... என் வாய் தெ... தெரியும்ல உனக்கு?"

"தெரியும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சுதான் சொல்றேன்."

மையம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. போன முதல் நாள் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு குழந்தை, குழந்தையின் காதில் ஒரு கருவி. சோலைமலை கதவோரத்தில் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான். நத்தத்திலிருந்து மகன் அழகுராஜாவைத் தூக்கி வந்திருந்த அய்யம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க தம்பி. இங்க வந்தா ஆம்பளை பொம்பளை எல்லாம் ஒண்ணுதான். எல்லாரும் வாயாடிக" என்றாள். அவள் புளி வியாபாரம் செய்கிறவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

பயிற்சியாளர் ஆனந்தி டீச்சர் நிதானமானவர். சோலைமலை வாயைத் திறந்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் அவன் சொல்லை முடித்து வைக்கவில்லை. காத்திருந்தார். அது அவனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"அண்ணே, உங்க பொண்ணு பொறந்து வருசக்கணக்காச்சு. ஆனா அவ காது பொறந்து ஒரு மாசந்தான் ஆகுது. மத்த பிள்ளைக இதுவரைக்கும் கேட்ட அம்புட்டையும் இவ இனிமேதான் கேக்கப்போறா. அதனால நீங்க வாயை மூடக் கூடாது. வெங்காயம் உரிக்கிறீங்களா, உரிக்கிறேன்னு சொல்லுங்க. தோல் உரியுது, கண்ணு எரியுதுன்னு சொல்லுங்க. அவ எதைப் பாக்குறாளோ அதைப் பத்திப் பேசுங்க. ஒத்தைச் சொல்லாச் சொல்லாதீங்க, முழுசாச் சொல்லுங்க. சொல்லிட்டு, அவ முகத்தைப் பாத்துக் கொஞ்சம் பொறுங்க. திருப்பிச் சொல்லுங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து மெஷினைக் கழத்துற வரைக்கும்."

"டீ... டீச்சர், எ... எனக்கு..."

"திக்குனா திக்கட்டும்ணே. பேச்சை மட்டும் நிறுத்திராதீங்க."

மற்ற தாய்மார்களுக்கு அது கஷ்டமான வேலை. சோலைமலைக்கு அது தண்டனையாக இருந்தது. உலகத்தில் எதைச் செய்யாமல் தப்பிப்பதற்காக அவன் தன் வாழ்க்கையையே திருத்தி அமைத்திருந்தானோ, அதை விடிந்தால் எழுந்து செய்ய வேண்டும். சட்டை போடும்போது சட்டையைப் பற்றிப் பேச வேண்டும். பல் விளக்கும்போது பல்லைப் பற்றி. தண்ணீர் மோந்து ஊற்றும்போது "தண்ணி ஊத்துறேன், தண்ணி ஜில்லுனு இருக்கு" என்று சொல்ல வேண்டும். அந்தத் 'த'வைத் தாண்டுவதற்குள் குழந்தை குளித்து முடித்து நடுங்கிக்கொண்டு நிற்கும். கடையில் ஒரு மூலையில் பாய் விரித்து அவளை உட்காரவைத்து, காயில் சுற்றிக்கொண்டே பேசினான். முன்பெல்லாம் அங்கே விரல் ஓடும், மனம் சும்மா கிடக்கும். இப்போது விரலும் தடுமாறியது. சுற்றுப் பிசகி, ஒரு தோட்டக்காரரின் மோட்டார் போட்ட மறுநாளே திரும்பி வந்தது.

சாயங்காலத்துக்குள் தாடை வலிக்கும். இரவு கௌசல்யா வேலை முடிந்து வந்து "இன்னைக்கு என்ன பேசுனீங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல அவனிடம் ஒரு சொல்லும் மிச்சம் இருக்காது. தலையணையில் முகத்தைக் கவிழ்த்துக்கொள்வான்.

வீட்டிலும் கடையிலுமாவது பரவாயில்லை. பேருந்தில்தான் அவனுக்கு உயிர் போனது. மையத்துக்குப் போகும் வழியெல்லாம் பேச வேண்டும் என்பது டீச்சர் கட்டளை. ஜன்னலுக்கு வெளியே பவித்ரா எதைக் காட்டினாலும் அதைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காந்திகிராமம் நிறுத்தத்தில் கல்லூரிப் பையன்கள் கூட்டமாக ஏறினார்கள். பவித்ரா ஒரு லாரியைக் காட்டினாள். "ல... லாரி போ... போ... போகுது" என்றான். பின்னால் இருந்து ஒரு குரல், "போ... போ... போகட்டும் ரைட்" என்றது. பேருந்தின் பின்பாதி சிரித்தது. குழந்தைக்கு அது கேலி என்று தெரியாது. நிறையச் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் அவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்கு அடுத்த வகுப்புக்கு அவன் போகவில்லை. பேருந்தை விட்டு இறங்கி, மையத்துக்குப் போகும் தெருவைத் தாண்டி நடந்து, ரயில் நிலையத்து வாசலில் ஒரு சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தான். மடியில் குழந்தை. அங்கே ஆட்டோக்காரர்களின் கூச்சலும் ஒலிபெருக்கியின் அறிவிப்பும் ஓயாமல் இருந்தன. அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வகுப்பு முடியும் நேரம் வரை உட்கார்ந்திருந்தான். வீட்டில் வகுப்பு நன்றாக நடந்ததாகத் தலையை ஆட்டினான். அதற்கடுத்த வகுப்பு நாளும் அங்கேதான் போனான். அதற்கடுத்த நாளும்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கையில் உள்ளே ரயில் ஒன்று ஊதிக்கொண்டு வந்தது. பவித்ராவின் உடம்பு விறைத்தது. கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே போட்டாள். ஒரு விரலைக் காதில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். சத்தம் கேட்டால் காதைத் தொட்டுக் காட்டச் சொல்லி வகுப்பில் பழக்கியிருந்தார்கள். கேட்டது என்று சொல்கிறாள். சொல்லிவிட்டு அவன் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். இப்போது இவர் அது என்னவென்று சொல்வார் என்ற நம்பிக்கையோடு பார்த்தாள்.

அவன் பேசாமல் இருந்தான். ரயில் திரும்பவும் ஊதியது. அவள் திரும்பவும் காதைத் தொட்டாள். விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.

தப்பிக்க வந்த இடத்திலும் தப்பிக்க முடியவில்லை. "ர... ரயில்" என்றான். "ரயில் வ... வருது. ஊதுது." அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மையத்துக்கு நடந்தான். வகுப்பு பாதி முடிந்திருந்தது. ஆனந்தி டீச்சர் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. அய்யம்மாள்தான், "என்ன தம்பி, இம்புட்டு நாளா ஆளையே காணோம்? எம்மவன் உங்க மகளைத் தேடிட்டான்" என்றாள்.

அதன்பின் அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. பாட்டாகப் பாடினால் திக்காது. சின்ன வயதிலேயே அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆகவே எல்லாவற்றையும் ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தான். தண்ணி ஊத்துறேன் என்பதும் பாட்டு, செருப்பு மாட்டுறேன் என்பதும் பாட்டு. சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. சில நாள் அவன் கவலையில்லாமல் இருந்தான். மையத்தில் அதைப் பெருமையாகச் செய்து காட்டினான். மற்ற தாய்மார்கள் கை தட்டினார்கள். வகுப்பு முடிந்ததும் ஆனந்தி டீச்சர் அவனைத் தனியாக நிறுத்தினார்.

"பாட்டு நல்லதுதாண்ணே. தினம் பாடுங்க. ஆனா பாட்டா மட்டும் பேசுனா அவளுக்குப் பேச்சு எப்படி இருக்கும்னு தெரியாமப் போயிரும். ரோட்டுல, பள்ளிக்கூடத்துல யாரும் அவகிட்டப் பாட மாட்டாங்க. பேசத்தான் செய்வாங்க."

கிடைத்த ஒரே ஜன்னலையும் இழுத்துச் சாத்தியது போல இருந்தது. படியிறங்கும்போது அவனுக்கு அழுகை வந்தது. குழந்தை பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு திரும்பி, "ப... படி. ப... படி இறங்குறோம்" என்றான்.

மாதங்கள் போயின. பவித்ரா பெயருக்குத் திரும்ப ஆரம்பித்தாள். "செருப்பு எங்கே?" என்றால் எடுத்து வந்தாள். அழகுராஜா அதற்குள் "அம்மா வா" என்று சொல்லிவிட்டான். இவள் வாயிலிருந்து சொல் எதுவும் வரவில்லை. சொல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கௌசல்யாவின் அம்மா சிவனம்மாள் நத்தம் பக்கத்து ஊரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்தாள். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பவித்ரா டம்ளரை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"த... த... தண்ணி" என்றாள்.

கௌசல்யா ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள். சோலைமலை ஊற்ற எடுத்த தண்ணீர் தரையில் சிந்தியது. வீடு முழுக்கச் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. "இன்னொரு தடவை சொல்லு தாயி" என்று சிவனம்மாள் கெஞ்சினாள். குழந்தை சொன்னாள். "த... த... தண்ணி." சொல்வதற்கு முன்னால் தாடையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாள். கண்ணை இறுக்கினாள்.

சிவனம்மாளின் சிரிப்பு நின்றது. அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள்.

"மாப்ளே, கோவிச்சுக்கிறாதீங்க. உங்க வாய் அப்படியே பிள்ளைக்கு ஒட்டிக்கிருச்சே."

சோலைமலை சிந்திய தண்ணீரைத் துண்டால் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சிவனம்மாள் ஊருக்குத் திரும்பவில்லை. பிள்ளையோடு இனி நானே பேசிக்கொள்கிறேன் என்று தங்கிவிட்டாள். கௌசல்யா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல் தலைக்குக் கிளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏங்க, கொஞ்ச நாளைக்கு நீங்க அவகிட்டப் பேசாம இருங்க. அம்மா பேசட்டும். என்னன்னு பாப்போம்."

கேட்டவுடன் அவனுக்கு உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது. கடைக்குப் போய்க் காலை முதல் மாலை வரை வாய் திறக்காமல் காயில் சுற்றினான். கை பழையபடி ஓடியது. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த நிம்மதி போனது. உள்ளே டிவி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சிவனம்மாள் அந்தச் சத்தத்துக்கு மேலே, "பாப்பா! சோறு! சோறு!" என்று கத்திக்கொண்டிருந்தாள். பாசத்தில் குறையில்லை. ஊட்டினாள், குளிப்பாட்டினாள், இடுப்பை விட்டு இறக்கவில்லை. டிவியை நிறுத்த வேண்டும், கத்தக் கூடாது, குழந்தை பார்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவன் பேசக் கூடாதவனாக நின்றான்.

காலையில் பவித்ரா வெங்காயக் கூடையை இழுத்து வந்து அவன் முன்னால் வைப்பாள். அது அவர்கள் இருவரும் சேர்ந்து செய்யும் வேலை. அவன் பேசாமல் உரிப்பான். அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வெங்காயத்தை எடுத்து அவன் கையில் திணிப்பாள், சொல்லு என்பது போல. அவன் அதையும் பேசாமல் உரிப்பான். பேசினால் கெடுக்கிறான். பேசாவிட்டால் பட்டினி போடுகிறான். இரண்டுக்கும் நடுவில் ஒரு அடி எடுத்துவைக்க இடமில்லை. சில நாளில் அவள் கூடையைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். "தண்ணி" என்பதும் நின்றுபோனது. பழையபடி டம்ளரை நீட்டிக் காட்டினாள்.

கூடை வராத அந்த வாரத்தில், சோலைமலை கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக மையத்துக்குப் போனான். தாய்மார்கள் கலையும் வரை மாடிப்படியில் நின்றான். பிறகு உள்ளே போய் ஆனந்தி டீச்சர் முன்னால் உட்கார்ந்து, கேட்க வந்ததைக் கேட்டான். அவன் வாழ்க்கையிலேயே நீளமான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். முகம் கோணியது, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான், இடையில் இரண்டு முறை எழுந்துபோய்விடலாமா என்று நினைத்தான். என்னைப் பார்த்துத்தான் அவளுக்கு வந்ததா, நான் பேசினால் அவளுக்கு நிரந்தரமாகிவிடுமா, நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. டீச்சர் ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்காமல் முழுவதையும் கேட்டார்.

"அண்ணே, திக்குவாய் கேட்டு ஒட்டிக்கிற சீக்கு இல்ல. ரத்தத்துல வரலாம். அப்படி வரணும்னு இருந்தா நீங்க பேசுனாலும் வரும், பேசாட்டியும் வரும். இல்ல, பேசப் பழகுற பிள்ளைக எல்லாமே கொஞ்ச நாள் இப்படித் தட்டித் தட்டித்தான் பேசும், அதுவா இருக்கலாம். இல்ல, நீங்க எப்படிச் சொல்றீங்களோ அதுதான் தண்ணிங்கிற சொல்லுன்னு அவ நெனச்சிருக்கலாம். அப்படின்னா என்ன அர்த்தம்? நீங்க ஒரு சொல்லை எங்க நிறுத்துறீங்க, எங்க எடுக்குறீங்கங்கிறது வரைக்கும் அவ காதுல விழுகுது. இதைவிட நல்லா எந்த மெஷின் டெஸ்ட்டும் எனக்குச் சொல்லாது."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"போயிரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் அவர். "போகாமலும் இருக்கலாம். ஆனா திக்கிப் பேசுற பொண்ணா, பேச்சே இல்லாத பொண்ணான்னு கேட்டா எனக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணுதான். கையால பேசுற பாஷையும் இருக்கு, அதையும் சொல்லித் தரலாம், தப்பே இல்ல. அதைக் கத்துக்கிட்டாலும் அவகிட்ட யாராவது ஓயாமப் பேசணும். அது நீங்களா இருக்கணும்னு இல்ல. ஆனா இப்போதைக்கு உங்களை விட்டா வீட்டுல யாரு?"

மருத்துவமனையிலிருந்து வந்தபோது கௌசல்யா கேட்ட அதே கேள்வி. அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கசப்பும் வந்தது.

அன்று சாயங்காலம் கௌசல்யா வந்ததும் அவளை உட்காரச் சொன்னான். டிவியை நிறுத்தினான். சிவனம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நா... நான் நாளையில இ... இருந்து தி... தி..."

"திரும்பப் பேசப்போறீங்களா?" என்றாள் கௌசல்யா.

அவன் கையைத் தூக்கித் தடுத்தான். கல்யாணமானதிலிருந்து அவளை அப்படி அவன் தடுத்ததே இல்லை. "நா... நானே சொல்றேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் சொன்னான். டீச்சர் சொன்னது அத்தனையும், வெங்காயக் கூடை நின்றது, ரயில் நிலையத்தில் போய் ஒளிந்திருந்தது எல்லாவற்றையும் சொன்னான். அடுப்பில் குழம்பு சுண்டியது. சிவனம்மாள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நீயும் அத்தையும் கத்துக்கணும், அவளுக்கு என் வாய் மட்டும் போதாது என்று அவன் முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

"எனக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றாள் கௌசல்யா. "இந்தக் காது மெஷினுக்கே ஊரு அவளைப் பாக்கும். அதுக்கு மேல இதுவுமான்னு..." தலைக் கிளிப்பைக் கழற்றி வைத்தாள். "லீவு நாள்ல நானும் டீச்சர்கிட்ட வாரேன்" என்றாள்.

சிவனம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. "பட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னா நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை நத்தம் பேருந்தில் ஏறினாள். ஏறும்போது ஜன்னல் வழியாகப் பேத்தியைப் பார்த்து, "பாப்பா, அம்மாச்சி ஊருக்குப் போறேன், பஸ்ஸு கிளம்புது" என்று முழு வாக்கியமாகச் சொன்னாள். கத்தாமல் சொன்னாள். அதைக் கௌசல்யா கவனித்தாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பவித்ரா இப்போது சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. படிக்கிறாள். பேசுகிறாள். தெரியாதவர்களுக்குச் சில சொல் புரியாது. 'ஸ' இன்னும் வரவில்லை. அவசரமாகச் சொல்லும்போது முதல் எழுத்து இரண்டு மூன்று முறை விழும். மற்ற நாட்களில் விழாது. அது போய்க்கொண்டிருக்கிறதா, மறைந்து நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை அது விழும்போதும் சோலைமலை மனசுக்குள் எண்ணிக்கொள்வான். தன் பேச்சுக்கும் ஆனந்தி டீச்சரிடம் பயிற்சி எடுத்தான். மூச்சை விட்டு மெதுவாக ஆரம்பிக்கக் கற்றுக்கொண்டான். முகம் கோணுவது கொஞ்சம் குறைந்தது. திக்கு அப்படியேதான் இருக்கிறது.

காலையில் அவளோடு பேசிப் பள்ளிக்கு அனுப்பும் வரை கடையைத் திறப்பதில்லை. வாடிக்கையில் பாதி திண்டுக்கல் கடைகளுக்குப் போய்விட்டது. பேருந்தில் இன்னும் சிரிக்கிறார்கள். அவன் நிறுத்துவதில்லை. ஆனால் அதற்காக அவன் பேச்சை விரும்பத் தொடங்கிவிட்டான் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளி வேன் வரும் நேரம் நெருங்கினால் இப்போதும் அவனுக்கு உள்ளங்கை வேர்க்கும். மகள் வரும் சந்தோஷமும், தொண்டை பூட்டிக்கொள்ளப்போகிற பதைப்பும் ஒன்றாகவே வரும்.

அவளிடம் ஒரு குணம் இருக்கிறது. அவன் சொல்லில் சிக்கி நிற்கும்போது அவள் எடுத்துக் கொடுக்க மாட்டாள். வேறு பக்கம் பார்க்கவும் மாட்டாள். சொல்லிவிட்டுப் பொறுங்கள் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை, பாயில் உட்கார்ந்திருந்த அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள் போல. அவன் முடிக்கும் வரை அவளுக்கு வேறு வேலை கிடையாது. அதனால் பாதியில் விட்டுவிட்டுப் போகவும் அவனால் முடிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். கௌசல்யாவுக்கு டியூட்டி. வெளியே மழை. பவித்ரா வாசற்படியில் அவனோடு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, மழை ஏன் மேலருந்து வருது? கீழருந்து வந்தா என்ன?"

அவன் சொன்னான். அதிலிருந்து மேகம், மேகத்திலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து மோட்டார், மோட்டாருக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று அவள் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள். அவன் ஒவ்வொன்றாக மல்லுக்கட்டிச் சொல்லிக்கொண்டு வந்தான். நடுவில் அவளுக்கு அலுத்துப்போனது. தலையிலிருந்து காயிலைப் பிடுங்கி, காதுக்கருவியோடு சேர்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு அவன் தொடையில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு மழையும் நின்றுபோனது, அப்பாவும் நின்றுபோனார்.

அவன் வாய் ஒரு 'க'வில் திறந்தபடி இருந்தது. கருவியைப் பார்த்தான். இவளால் கழற்றி வைத்துவிட முடிகிறதே என்று நினைத்தபோது, பெற்ற மகள் மேல் ஒரு பொறாமை எழுந்தது. வெட்கமாகவும் இருந்தது. மழையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தான். கேட்க ஆளில்லாத அந்த நேரத்தில் வாய் பாதியில் விட்டதைத் தானாகவே எடுத்தது. "கம்பி நனைஞ்சா மோட்டார் எரிஞ்சுரும். அப்புறம் அப்பாகிட்டத்தான் கொண்டுவருவாங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். எங்கும் நிற்காமல் வந்தது.

பவித்ரா கண்ணைத் திறந்தாள். அவன் உதடு அசைவதைப் பார்த்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்து, அவன் கையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டி, காயிலைத் தலையில் ஒட்டவைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்ன?"

சோலைமலை மூச்சை விட்டு, மெதுவாக, முதலிலிருந்து ஆரம்பித்தான்.